கோஸ்ட் கார்டு வேலை பத்தி கேளுங்க, ஏற்காட்டுல இருந்து பதில்

கோஸ்ட் கார்டுல, அதாவது இந்தியக் கடலோரக் காவல்படையில கமாண்டன்டா இருந்து ரிட்டயர் ஆகி ஏற்காட்டுல செட்டில் ஆகிட்டேன். சேலம் பசங்க நிறைய பேர் கேட்டிருக்கீங்க, தெரிஞ்சதை சொல்றேன்.

ஓமலூர் தம்பி: சார், பிஎஸ்சி ஃபைனல் இயர். நேரா ஆபீசரா சேரலாமா? எதுவரைக்கும் போகலாம்?

சேரலாம் தம்பி. அசிஸ்டன்ட் கமாண்டன்ட், ஜெனரல் டியூட்டி, அதுதான் ஆபீசர்ல முதல் படி. பிளஸ் டூல மேத்ஸ், பிசிக்ஸ் ரெண்டும் இருக்கணும், இதை கடைசில பாத்துட்டு அழற பசங்க ஜாஸ்தி. எக்ஸாம், செலக்ஷன் போர்டு, மெடிக்கல் தாண்டினா கேரளா எழிமலை நேவல் அகாடமில ட்ரெய்னிங். அப்புறம் கப்பல்ல ராத்திரி வாட்ச் நின்னு நின்னுதான் வேலை கத்துக்கணும். ப்ரமோஷன் வரிசை இதுதான்: டெபுடி கமாண்டன்ட், கமாண்டன்ட் ஜேஜி (ஜூனியர் கிரேட்), கமாண்டன்ட், டிஐஜி, ஐஜி, ஏடிஜி, உச்சில ஒரே ஒரு டிஜி, அதாவது டைரக்டர் ஜெனரல். கிருஷ்ணசாமி நடராஜன் 2019ல அந்த சீட்ல உக்காந்தார்.

மேல போகப் போக வேலையே மாறிடும். 2017 ஜனவரில எண்ணூர்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, கரையில வாளி வாளியா அள்ளினாங்க. கடல்ல எண்ணெய் கொட்டினா சமாளிக்கற பொறுப்பு கோஸ்ட் கார்டோடது. துறைமுகம், மாநில அரசு, கப்பல் கம்பெனின்னு எல்லாரையும் உக்கார வெச்சுப் பேசி வேலை வாங்கறதுதான் சீனியர் ஆபீசர் வேலை. துப்பாக்கி கனவுல வர்ற பசங்க இதை யோசிக்கறதே இல்ல.

ஆத்தூர்: புரோக்கர் ஒருத்தர் பணம் கட்டினா வேலை கன்ஃபார்ம்ங்கறாரு...

குடுக்காதீங்க. ஒரு ரூபா கூட.

மேட்டூர்: அக்னிவீர் மாதிரி 4 வருஷமாண்ணா?

இல்ல. அக்னிபத் ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸுக்கு மட்டும்தான். கோஸ்ட் கார்டுல நாவிக் (மாலுமி), யாந்த்ரிக் (டெக்னிக்கல் வேலை பாக்கறவர்) ரெண்டும் ரெகுலர் வேலை.

சங்ககிரி: ராமேஸ்வரம் மீனவங்களை இலங்கைக்காரன் புடிக்கறப்ப உங்க கப்பல் எங்க சார் இருக்கு?

கோவம் நியாயம்தான், தட்டிக் கழிக்க மாட்டேன். 1974, 1976 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல கடல் எல்லைக் கோடு போட்டாச்சு. பாக் ஜலசந்தி ரொம்ப குறுகல், ஒரு நாட்டோட பொருளாதார மண்டலம்னு சொல்ற 200 நாட்டிக்கல் மைலுக்கெல்லாம் அங்க இடமே இல்ல, கொஞ்சம் போனாலே கோடு வந்துடும். மண்டபத்துல எங்க ஸ்டேஷன் இருக்கு, ஆனா கோட்டைத் தாண்டி அடுத்த நாட்டுக் கடல்ல போய் நம்ம போட்டை இழுத்துட்டு வர சட்டம் விடாது.

சங்ககிரி: அப்ப கோட்டுக்கு இந்தப் பக்கமே புடிச்சா? வேடிக்கை பாப்பீங்களா?

எடப்பாடி: அதே தான் கேக்கறேன், பதில் சொல்லுங்க சார்.

போட்ல இருக்கறவங்க அந்த நிமிஷமே விஎச்எஃப் ரேடியோவுல சேனல் 16ல (ஆபத்துக்குக் கூப்பிடற சேனல்) கூப்பிடணும், ஜிபிஎஸ்ல இடத்தை பதிவு பண்ணி வெச்சிருக்கணும். ஆதாரம் இருந்தாத்தான் டெல்லியில பேச முடியும். கடல்ல யாருக்கு ஆபத்துன்னாலும் கோஸ்ட் கார்டு போகும், எங்க அவசர போன் நம்பர் 1554ஐ மீனவக் குடும்பங்க எல்லாரும் வெச்சுக்கணும். அந்தக் கோட்டை மாத்தறதோ விடறதோ ஆபீசர் கையில இல்ல தம்பி, அது ரெண்டு அரசாங்கம் பேச வேண்டியது.

வாழப்பாடி: சார், ஒருத்தர் சீட் வாங்கித் தரேன்னு...

மேல ஆத்தூருக்கு சொன்னதை படிங்க! அப்ளிகேஷன் ஜாயின் இந்தியன் கோஸ்ட் கார்டு சைட்ல மட்டும்தான்.

அயோத்தியாபட்டணம்: கண்ணாடி போட்டிருக்கேன், லேசிக் பண்ணலாமா?

கண் டாக்டர்கிட்ட கேளுங்க, நோட்டிஃபிகேஷன்ல மெடிக்கல் பக்கத்தை பிரிண்ட் எடுத்துட்டு போங்க.

ஏற்காடு: கடலையே பாத்ததில்ல, நீச்சலும் தெரியாது. வேஸ்டா சார்?

இல்லவே இல்ல. நீச்சல் ட்ரெய்னிங்ல சொல்லித் தருவாங்க. ஆனா இப்பவே கத்துக்க, ஏரில தனியா இறங்காம கோச் இருக்கற ஸ்விம்மிங் பூலா பாத்து போ.