பொழுதைப் பங்கிடுதல்: வாசகர் கேள்வி – பதில்

ஒவ்வொரு வேலைக்கும் நாளில் ஒரு நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி, அந்த நேரத்தில் அந்த வேலையை மட்டும் செய்யும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைக் கடைப்பிடித்துப் பார்த்தவர்களும், கடைப்பிடிக்க முடியாமல் விட்டவர்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை அளிக்கிறோம்.

கேள்வி: நான் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். கணவர் மில் வேலைக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். நாள் முழுவதும் மெஷினில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது, ஆனால் சொன்ன தேதிக்கு ஒரு பிளவுஸும் தயாராவதில்லை. காலை 5 முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒரு வேலை என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாளே அது பொய்யாகிவிட்டது. இந்த முறை என்னைப் போன்றவர்களுக்கு ஒத்துவருமா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஒத்துவரும், சகோதரி, ஆனால் அரை மணிக் கணக்கு உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. காலை 5 முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒன்றாக எழுதினால் 34 கட்டங்கள் வரும். குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலோ, அவற்றில் ஒன்று பிசகும். ஒன்று பிசகினால் பின்னால் உள்ளவை அத்தனையும் தள்ளிப்போகும். தள்ளிப்போனதைப் பார்த்ததும் மனம் சோர்ந்து மீதியையும் கைவிடத் தோன்றும். மூன்றாம் நாளே உங்கள் அட்டவணை குலைந்ததற்கு நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. அப்படி எழுதப்பட்ட எந்த அட்டவணையும் குலையத்தான் செய்யும்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல், நடப்பதை மட்டும் எழுதிவையுங்கள். அளவு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். லைனிங் வைத்த ஒரு பிளவுஸை வெட்ட எவ்வளவு நேரம் ஆகிறது, தைக்க எவ்வளவு, எம்மிங் செய்து கொக்கி வைக்க எவ்வளவு என்று தனித்தனியாகக் குறியுங்கள். வாசலில் நின்று பேசிவிட்டுப் போனவர்களுக்குச் செலவான நேரத்தையும் விடாதீர்கள். வீட்டில் தைப்பவர்கள் பலரும் மெஷின் ஓடும் நேரத்தை மட்டும் மனத்தில் வைத்துத் தேதி சொல்லிவிடுகிறார்கள். கைவேலையும், நூல் மாற்றுவதும், அளவு சரியில்லை என்று பிரித்துத் தைப்பதும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சொன்ன தேதி தவறுவதற்கு முதற்காரணம் அதுதான்.

அடுத்த வாரம், உங்களால் மாற்ற முடியாத நேரங்களை முதலில் அடைத்துவிடுங்கள்: தண்ணீர் வரும் நேரம், சமையல், பள்ளி வேன் வரும் நேரம், பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். எஞ்சுவதில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் இடங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். காலை 10 முதல் 1 வரை ஒன்று, பிற்பகல் 2.30 முதல் 4 வரை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை முழுக்க மெஷினுக்குக் கொடுங்கள். இரண்டாவதில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெட்டும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேசையை ஒழித்து, ஸ்கேல், சாக்பீஸ், கத்தரி எல்லாவற்றையும் எடுத்து வைத்தபின், ஒரு பிளவுஸை வெட்டினாலும் நான்கை வெட்டினாலும் முன்னேற்பாடு ஒன்றேதான். தைக்கும்போது ஒரே நிற நூலில் வருபவற்றை அடுத்தடுத்து எடுத்தால், நூலும் பாபினும் மாற்றும் நேரம் மிஞ்சும். கொக்கி, எம்மிங், புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது ஆகியவற்றுக்கு மெஷின் தேவையில்லை. மாலையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது அருகில் அமர்ந்தே முடித்துவிடலாம்.

அளவு கொடுக்கவும் துணி வாங்கவும் வருபவர்களுக்கு மாலை 5 முதல் 6.30 வரை என்று நேரம் குறித்து, வாசலில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். முதல் சில நாட்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். வெளியூரிலிருந்து முகூர்த்தத்துக்கு வந்தவர் காலையில் வந்து நின்றால் திருப்பி அனுப்பவும் முடியாது. ஆனாலும் பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் மெல்ல மெல்ல மாலைக்கு மாறிவிடுவார்கள், அதுவே உங்கள் காலை நேரத்தைக் காப்பாற்றும்.

இனி, இந்த விடையிலேயே முக்கியமான செய்தி: நாளில் ஒரு மணி நேரத்தை எந்த வேலையும் எழுதாமல் காலியாக விடுங்கள். ஊசி உடையும், லைனிங் துணி சாயம் போகும், மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டிவரும். அவற்றைத் தாங்கிக்கொள்ள ஓர் இடம் இருந்தால்தான் மற்றக் கட்டங்கள் அசையாமல் நிற்கும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. மோட்டார் மெஷின் வைத்திருப்பவர்கள் அந்த நாளுக்கென்று கைவேலையைச் சேர்த்து வைக்கலாம்.

இப்படி இரண்டு மூன்று வாரம் சென்றால், ஒரு வாரத்தில் உங்களால் எத்தனை பிளவுஸ் முடியும் என்பது உங்களுக்கே துல்லியமாகத் தெரிந்துவிடும். அதற்குமேல் வரும் துணிக்கு அடுத்த வாரத் தேதியைக் கொடுங்கள். ஆவணி முகூர்த்தத்திலும் தீபாவளிக்கு முன்பும் இதைச் சொல்ல மனம் வராது என்பது தெரிந்ததே. ஆயினும் முடியாத தேதியைச் சொல்லி வாங்குவதைவிட, முடியும் தேதியைச் சொல்லி இரண்டு பேரை இழப்பது தொழிலுக்கு நல்லது.

கேள்வி: ஜவுளிக்கடையில் காலை 10 முதல் இரவு 9 வரை வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். அதிகாலை மூன்று மணி நேரம், இரவு மூன்று மணி நேரம் என்று திட்டமிட்டும் பாதிகூட நடப்பதில்லை. மூன்று மாதத்தில் முடிக்க நினைத்த பாடத்திட்டத்தில் கால்பங்குதான் முடிந்திருக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: தம்பி, பதினொரு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கும் உடம்பு இரவு 10 மணிக்குமேல் மூன்று மணி நேரம் படிக்காது, படித்தாலும் மறுநாள் அதிகாலையை அது விழுங்கிவிடும். இரவுக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். காலை 5.30 முதல் 7.30 வரை ஒரே ஒரு கட்டம் வைத்து, அதை எந்த நாளும் நகர்த்தாதீர்கள். இரவில் வேண்டுமானால் காலையில் படித்ததை ஒருமுறை புரட்டிவிட்டுப் படுக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

நாம் எல்லோருமே ஒரு வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம். டேனியல் கானமன், ஏமஸ் டிவெர்ஸ்கி என்னும் உளவியலாளர்கள் 1979இல் இதற்குத் ‘திட்டமிடலின் பிழை’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாளில் என்று விடை வந்தது. உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆயிற்று. முன்பும் இப்படித் தாமதமானதை நன்றாக அறிந்தவர்களும் இந்த முறை மட்டும் சரியாக முடித்துவிடுவோம் என்றே நம்புகிறார்கள். எனவே கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் எத்தனை பாடம் முடித்தீர்களோ, அந்த வேகத்தை வைத்துத்தான் மீதியைக் கணக்கிட வேண்டும், மனத்தில் உள்ள வேகத்தை வைத்து அன்று.

கட்டத்துக்குள் ‘தமிழ்’ என்று எழுதினால் எங்கே தொடங்குவது என்பதிலேயே கால் மணி நேரம் போய்விடும். ‘7ஆம் வகுப்புத் தமிழ், இரண்டாம் இயல், வினா விடையுடன்’ என்று முந்தைய இரவே எழுதி, புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்தே வைத்துவிட்டுப் படுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள் என்பதைத் தேர்வின் அமைப்பே சொல்லிவிடுகிறது. 200 வினாக்களில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே வாரத்தில் மூன்று நாள் தமிழுக்கும், இரண்டு நாள் பொது அறிவுக்கும், ஒரு நாள் கணக்குக்கும் என்று பிரிப்பது நியாயமாக இருக்கும்.

வார விடுமுறை நாளில் காலை 9.30 முதல் 12.30 வரை, தேர்வு நடக்கும் அதே மூன்று மணி நேரத்தில், ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். அன்று பிற்பகல் இரண்டு மணி நேரத்தை, வாரத்தில் தவறிப்போன கட்டங்களுக்காக ஒதுக்குங்கள். ஒரு நாள் காலை எழ முடியாமல் போனால் அதை அன்றிரவே ஈடுகட்ட முயலாதீர்கள். அதற்கென்று விடுமுறை நாளில் இடம் இருக்கிறது என்ற நிம்மதியோடு மறுநாள் 5.30க்கு உட்காருங்கள்.

கேள்வி: அரசு அலுவலகத்தில் ஒரு பிரிவைக் கவனிக்கிறேன். ஒரு கோப்பைத் திறந்தால் பாதியில் தொலைபேசி, மனுதாரர், மேலதிகாரியின் அழைப்பு. நேரம் என் கையில் இல்லாதபோது கட்டம் எப்படிப் பிரிப்பது?
– வாசகி, விழுப்புரம்

பதில்: முழு நாளையும் பிரிக்க முயலாமல், ஒரு மணி நேரத்தை மட்டும் பிடியுங்கள். மனுதாரர்கள் வரத் தொடங்கும் முன்போ, உணவு இடைவேளை முடிந்த உடனேயோ, உங்கள் அலுவலகத்தில் எப்போது சற்று அமைதி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில், யோசித்துக் குறிப்பு எழுதவேண்டிய கோப்புகளை மட்டும் எடுங்கள். தபால்களைத் தன்பதிவேட்டில் பதிவது, நினைவூட்டு அனுப்புவது போன்ற, இடையில் விட்டாலும் உடனே தொடரக்கூடிய வேலைகளை இரைச்சலான நேரத்துக்குத் தள்ளுங்கள்.

ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது, கவனத்தில் ஒரு பங்கு முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். மேலதிகாரி அழைத்தால் போகத்தான் வேண்டும். போகுமுன் கோப்பின்மேல் ஒரு துண்டுத் தாளில் ‘அடுத்துச் செய்யவேண்டியது இது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்தைத் தேட வேண்டியிராது. கட்டத்துக்கு முடிவு நேரம் வைப்பதும் உங்கள் பணிக்கு மிகவும் பொருந்தும். கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955இல் எழுதியது, அரசு அலுவலகங்களைப் பார்த்துத்தான்.

கேள்வி: மணிக்கணக்குப் பார்த்து வாழ்வது மேல்நாட்டுப் பழக்கம்தானே? நமக்கு இது தேவையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 24 நிமிடத்தை ஒரு நாழிகை என்றும், 60 நாழிகையை ஒரு நாள் என்றும் கணக்கிட்டது நம் மரபு. பத்துப் பத்து நாழிகையாக வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதுகளாக நாளைப் பிரித்தார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய கோயில்களில் உஷத்காலம் முதல் அர்த்தஜாமம் வரை ஆறுகாலப் பூசை இன்றும் நேரம் தவறாமல் நடக்கிறது. பூசை செய்பவரின் மனநிலை அன்று எப்படியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

வியப்பு என்னவென்றால், மேல்நாட்டில் இந்த முறைக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும், அச்சகம் நடத்திய அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் தம் நாளை ஏறக்குறைய இதே போல ஆறு பெரும் பகுதிகளாகத்தான் பிரித்தார்: அதிகாலை 5 மணிக்கு எழுதல், 8 முதல் 12 வரை வேலை, 2 மணி வரை உணவும் வாசிப்பும் கணக்குப் பார்த்தலும், 6 வரை மீண்டும் வேலை, பின் 10 வரை மாலைப் பொழுது, அதன்பின் உறக்கம். பிறருக்குக் கீழே வேலை செய்யும் அச்சுத் தொழிலாளி இத்தகைய ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம், வாடிக்கையாளர்கள் வரும் நேரத்துக்கெல்லாம் அவர்களைப் பார்க்கவேண்டிய அச்சக உரிமையாளரால் அப்படியே கடைப்பிடிக்க முடியாது என்று தம் வரலாற்றில் அவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். முதல் கேள்வி கேட்ட ஈரோட்டுச் சகோதரிக்கும் இது ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறோம்.

கேள்வி: பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் அதே ஊரில்தான் இருக்கிறார். எனக்கு எந்த நேரமும் சொந்தமில்லை. இதில் என்ன திட்டம் போடுவது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்களுக்கு மணிக்கணக்கு அட்டவணை வேண்டாம், அம்மா. மாத்திரை, உணவு, உடற்பயிற்சி, படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பது ஆகியவற்றுக்கு மட்டும் நேரம் இருக்கட்டும். புண் வராமல் தடுக்க எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கட்டிலருகே எழுதி வையுங்கள். மற்ற வீட்டு வேலைகளுக்கு எதற்குப்பின் எது என்ற வரிசை போதும். அம்மா கண்ணயரும்போது அந்த வரிசையில் அடுத்ததைச் செய்யலாம், விழித்துக்கொண்டால் அப்படியே விடலாம்.

உங்களுக்குக் கட்டாயம் தேவையான கட்டம் ஒன்று இருக்கிறது. அதை உங்கள் அண்ணனிடமிருந்துதான் வாங்க வேண்டும். ‘முடிந்தபோது வந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் அந்த முடிந்தபோது வராது. ‘ஞாயிறு காலை 9 முதல் 12 வரை அம்மாவுடன் நீங்கள் இருக்க வேண்டும்’ என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் மாத்திரை எங்கே, துணி எங்கே என்று உங்களையே கூப்பிடுவார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் துணி துவைப்பது, சந்தைக்குப் போவது என்று எதையும் நுழைக்காதீர்கள். தூங்குங்கள், அல்லது கோயிலுக்கோ தோழி வீட்டுக்கோ போய்வாருங்கள்.