கிட் டெஸ்ட் சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில்: வாசகர் கேள்விகள்

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் கிட். அதைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். டெஸ்ட் திடீரென்று ஃபெயிலாகிறது, மறுபடி ஓட்டினால் பாஸாகிறது, அப்படியே விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். முதலில் அந்த மறுபடி ஓட்டுவதை நிறுத்துங்கள்.

கிட் ரெப்போக்களை (மாற்றங்களை கிட் சேமித்துவைக்கும் இடங்களை) கையாளும் ஒரு கருவி எழுதுகிறோம். என் லேப்டாப்பில் எல்லா டெஸ்டும் பாஸ். சர்வரில் பாதி அவுட். – ஜாகீர் அம்மாபாளையம்

லேப்டாப்பில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் கிட்கான்ஃபிக் என்ற செட்டிங் ஃபைல் சத்தமில்லாமல் உதவிக்கொண்டிருக்கிறது. பெயர், ஈமெயில், முதல் பிராஞ்சுக்கு (கிளைக்கு) மெயின் என்று பெயர் வைக்கும் செட்டிங் எல்லாம் அதில்தான். சர்வரில் இவை கிடையாது. கமிட் செய்ய, அதாவது மாற்றத்தைப் பதியப் போனால், கிட் யார் நீ என்று கேட்டு நின்றுவிடும்.

கிட்டின் சொந்த டெஸ்ட் தொகுப்பைப் பாருங்கள். ஒவ்வொரு டெஸ்ட் ஃபைலுக்கும் தனி ஃபோல்டர். ஹோமையே அங்கே திருப்பிவிடுகிறார்கள். சிஸ்டம் கான்ஃபிகைப் படிக்க விடுவதில்லை. டைம்ஸோன் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். அந்த ஃபோல்டரின் பெயர் 'ட்ராஷ் டைரக்டரி' என்று தொடங்கும். நடுவில் உள்ள ஸ்பேஸ் வேண்டுமென்றே வைத்தது. ஸ்கிரிப்டில் எங்காவது மேற்கோள்குறி விட்டுப்போயிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

'இன்று செய்த கமிட்' பட்டியலுக்கான டெஸ்ட் பகலில் பாஸ். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஓட்டினால் ஃபெயில். ரிலீஸ் அன்றுதான் இப்படி ஆகித் தொலைக்கிறது. – சூரமங்கலம்

விடிகாலை 5.30 ஆனதும் சரியாகிவிடுகிறதா? அப்படியானால் கோளாறு டெஸ்டில் இல்லை, உங்கள் கோடில். சேலத்தில் 15ஆம் தேதி அதிகாலை 2 மணி என்றால் யூடிசியில் இன்னும் 14ஆம் தேதி இரவு 8.30தான். கிட் கமிட்டில் நேரத்தோடு +0530 என்ற நம் நேர வித்தியாசத்தையும் எழுதிவைக்கிறது. கமிட்களைப் பட்டியலிடும் கிட் லாக் வழக்கமாகக் காட்டுவது அந்த வித்தியாசத்தைச் சேர்த்த தேதியைத்தான். நீங்களோ 'இன்று' என்பதை யூடிசியில் கணக்கிட்டிருப்பீர்கள்.

கோடைத் திருத்திய பிறகு, டெஸ்டிலிருந்து கடிகாரத்தையே எடுத்துவிடுங்கள். கிட்_ஆத்தர்_டேட் (மாற்றத்தை எழுதிய நேரம்), கிட்_கமிட்டர்_டேட் (கமிட் செய்த நேரம்) இரண்டையும் நீங்களே கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றது அந்த நேரத்து மணியை எடுத்துக்கொள்ளும், இந்த நேரங்களையும் சேர்த்துக் கணக்கிடும் கமிட் ஐடி ஒவ்வொரு முறையும் மாறும். கிட் டெஸ்டுகளில் இதற்கென்றே டெஸ்ட்_டிக் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. 1970 ஜனவரி 1 முதல் எண்ணும் கணக்கில் 1112911993 என்ற நொடியில் தொடங்கி, கூப்பிடும்போதெல்லாம் 60 நொடி நகரும். அந்த எண் 2005 ஏப்ரல் 7 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டில் போட்ட முதல் கமிட்டின் நேரம்! 'இப்போது மணி என்ன' என்பதையும் வெளியிலிருந்தே கொடுத்தால், அதிகாலை 2 மணி டெஸ்டை நீங்கள் பகல் 11 மணிக்கு ஓட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு கிட் மாதிரி சின்னதாக ஒன்று எழுதுகிறேன். ஃபைலை மாற்றியதும் ஸ்டேட்டஸ் அதைச் சொல்ல வேண்டும். சில தடவை சொல்வதில்லை. ஸ்லீப் 1 (ஒரு நொடி காத்திரு) போட்டால் சரியாகிறது. போதுமா சார்? – மாணவி, கருப்பூர்

போதாதும்மா. நீங்கள் ஃபைலின் அளவையும் மாற்றிய நேரத்தையும் மட்டும் ஒப்பிடுகிறீர்கள் போலிருக்கிறது. ஃபைலில் 10 என்று எழுதி ஆட் செய்கிறீர்கள் (அடுத்த கமிட்டுக்குச் சேர்க்கிறீர்கள்), உடனே 20 ஆக்குகிறீர்கள். அளவு அதே. நேரம் நொடிக் கணக்கில் பதிவானால் அதுவும் அதே. கிட்டுக்கே இருந்த தலைவலி இது. 'ரேஸி கிட்' என்பார்கள். ஃபைலின் நேரம் இன்டெக்ஸ் (ஆட் செய்தவற்றின் பட்டியல்) எழுதிய நேரத்துக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தியோ இருந்தால், கிட் அதை நம்பாமல் உள்ளடக்கத்தையே திறந்து ஒப்பிடும். நீங்களும் அதைச் செய்யுங்கள்.

டெஸ்டில் ஸ்லீபுக்குப் பதில், ஃபைலின் நேரத்தை மாற்றும் டச் கட்டளையால் ஃபைல், இன்டெக்ஸ் இரண்டுக்கும் ஒரே நேரத்தை வையுங்கள். எப்போதோ ஒருமுறை வந்த ஃபெயில் ஒவ்வொரு முறையும் வரும். திருத்தியது சரியா என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

கோரிமேடு என்ற பெயரில் ஒரு ஃபைல் வைத்து டெஸ்ட் எழுதினோம். கிட் ஸ்டேட்டஸில் வெறும் எண்களாக வருகிறது. – அஸ்தம்பட்டி

'க' என்ற எழுத்து \340\256\225 என்று வந்திருக்கும். இப்படி எண்ணாக்கும் கோர்.கோட்பாத் செட்டிங்கை அணைக்கலாம். டெஸ்டுக்கு, பெயரை அப்படியே தரும் -இசட் ஆப்ஷன் இன்னும் நல்லது. தமிழில் இன்னொரு கண்ணி உண்டு. 'கோ'வில் 'க'வோடு சேரும் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டு ஃபைல், மேக்குக்கு ஒன்று. இரண்டு வடிவத்துக்கும் டெஸ்ட் எழுதுங்கள்.

ஏற்காட்டில் வீட்டிலிருந்து வேலை. மழைக்காலத்தில் கரண்ட் நிற்காது. கமிட் நடுவில் கரண்ட் போவதை டெஸ்ட் செய்ய முடியுமா?

கில் -9 போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமைத்தான் கொல்லும். எழுதிய டேட்டா ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் கையில் பத்திரமாக இருந்து பிறகு டிஸ்குக்குப் போய்விடும். கரண்ட் போனால் அந்த டேட்டாவும் சேர்ந்து போகும். அதைப் பார்க்க லினக்ஸில் டிஎம்-லாக்-ரைட்ஸ் இருக்கிறது. டிஸ்குக்குப் போன எழுத்துகளைப் பதிந்துகொண்டு, நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டி ரெப்போவைத் திறந்து, அது சேதமாகியிருக்கிறதா என்று பார்க்கும் கிட் எஃப்எஸ்சிகே ஓட்டலாம். 2022இல் வந்த கிட் 2.36 முதல், எதையெல்லாம் உடனே டிஸ்கில் எழுதவைக்க வேண்டும் என்று சொல்லும் கோர்.எஃப்சிங்க் செட்டிங் உண்டு. அதை மாற்றி மாற்றி வைத்து இதே டெஸ்டை ஓட்டுங்கள்.

கில் -9 டெஸ்டையும் தூக்கிப் போட வேண்டாம். இன்டெக்ஸைப் பூட்டிவைக்கும் இன்டெக்ஸ்.லாக் ஃபைல் மிச்சம் நின்று, அடுத்த கிட் ஆட் மறுக்கும்போது உங்கள் கருவி என்ன செய்கிறது என்று பார்க்க அது உதவும்.