ஒலிக்கருவி கேள்வி–பதில்: விலைச்சீட்டைப் பார்த்த காது

கேள்வி (களியக்காவிளை): திருவனந்தபுரத்தில் விலை கூடிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். பாட்டுக்குரல் முன்னால் வந்து நிற்கிறது. வீட்டில் வேறு எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யார் காதில் பழுது?

பதில்: எவர் காதிலும் இல்லை. பழையதையும் புதியதையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டீர்களா? அரை டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடினால் அது சத்தமாக நமக்குப் படாது, தெளிவாகவே படும். இரண்டிலும் வால்யூம் குமிழை ஒரே எண்ணில் வைப்பது போதாது. 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) டெஸ்ட் டோனை, அதாவது ஒரே சுருதியில் நீளும் சோதனை ஒலியை, சத்தம் குறைத்து ஓடவிட்டு, ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளவெடுங்கள்; ஒன்றில் 2.00 வோல்ட் காட்டினால் மற்றதில் 2.02-ஐத் தாண்டக் கூடாது. (1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர் பலவும் அங்கே தடுமாறும்.) பிறகு நடுவே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, வீட்டில் ஒருவர் காசு சுண்டிப் பார்த்து எது விழுகிறதோ அதை மாட்ட, ஒலிப்பது எது என்று நீங்கள் 16 முறை சொல்லுங்கள். 12 சரியானால் நம்பலாம். 10 என்றால், குருட்டு ஊகத்திலேயே அந்த அளவோ அதற்கு மேலோ வர 100-க்கு 23 வாய்ப்பு உண்டு.

கேள்வி (பாறசாலை): நாற்பது ஆண்டு கச்சேரி கேட்ட காதுக்கும் திரை வேண்டுமா?

பதில்: வேண்டும். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஃபிலாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது கிடைத்த மதிப்பெண்கள், திரைக்குப் பின்னால் வைத்தபோது மாறிப்போயின; அனுபவசாலிகளும் அதற்கு விலக்கில்லை. என் கதையையும் சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கோயில் கொடையில், நாகசுரம் காதைக் குத்துகிறது என்று மிக்சரில் டிரெபிளை (கீச்சான மேல் ஒலியை) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இப்போது இதம் என்று நிமிர்ந்தேன். நான் திருகியது மைக்கே மாட்டாத சேனல்.

கேள்வி (குலசேகரம்): புதிய ஸ்பீக்கர் ஒயர் ஒரு மாதம் ஓடினால் ஒலி மெருகேறுமா?

பதில்: ஏறாது. செம்புக் கம்பிக்கு அந்தக் குணம் கிடையாது. புதிய ஸ்பீக்கரில் கோனை (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பை) தாங்கும் பகுதி முதல் சில மணி நேரத்தில் சற்றுத் தளர்வது மட்டும் உண்மை.

கேள்வி (வெள்ளறடை): நாற்காலியை நகர்த்தினால் பாஸ் (அடித்தொனி) மாறுகிறது. இதுவும் மனப்பிரமையா?

பதில்: இல்லை, இது அளந்து காட்டக்கூடியது. 14 அடி நீளக் கூடத்தில் 40 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி வீங்கி, நட்டநடுவில் வற்றிப்போகும். அடுத்த ஆம்ப்ளிஃபயருக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், சுவரை விட்டு நாற்காலியை இரண்டடி முன்னே இழுத்துப் போட்டுக் கேளுங்கள்.