விறகடுப்புக்குப் பெரிய புளோவர் வாங்குவதற்கு முன்

கேள்வி: பினாங்கு பட்டர்வொர்த்தில் கேட்டரிங் செய்கிறோம். கொட்டகைக்குள் செங்கல் விறகடுப்பு, பால்மரக் (ரப்பர் மரக்) கட்டை, 2 அங்குல புளோவர் (அடுப்புக்குக் குழாய் வழியே காற்று ஊதும் மின்கருவி). கொஞ்ச நாளாகத் தீ மந்தம், புகையும் அதிகம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் அன்னதானச் சமையல் இருக்கிறது. 3 அங்குல புளோவர் போட்டால் சரியாகுமா?

பதில்: இப்போதே பணத்தைச் செலவழிக்காதீர்கள், அண்ணா. மின்சாரத்தைத் துண்டித்து, இருக்கிற புளோவரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சமையல்கட்டில் ஓடும் புளோவர் எண்ணெய்ப் புகையையும் சாம்பலையும் சேர்த்தே உறிஞ்சும். அது இறக்கைகளின் குழிவில் பிசின் மாதிரி அப்பிவிடும். மோட்டார் பழைய சத்தத்தோடுதான் சுற்றும், காற்று மட்டும் வராது. மோட்டாரில் தண்ணீர் படாமல் இறக்கையைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். அடுப்புக் கம்பிக்குக் கீழே இருக்கும் சாம்பலையும் வாரிவிடுங்கள்.

ஒரு கிலோ காய்ந்த கட்டை எரியச் சுமார் 5 கன மீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் இரட்டிப்பாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோ எரித்தால் 100 கன மீட்டர். உங்கள் புளோவரில் எழுதியிருக்கும் அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவு இருந்தால் புளோவர் மேல் குற்றமில்லை.

புகைக்குக் காரணம் பெரும்பாலும் காற்று போய்ச் சேரும் இடம்தான். காய்ந்த கட்டையின் எடையில் முக்கால் பங்கு வாயுவாக மேலே கிளம்பும். அந்த வாயு எரியாமல் போவதுதான் நீங்கள் பார்க்கும் புகை. அடியில் மட்டும் பலமாக ஊதினால் கங்கு வேகமாகக் கரையும், சாம்பல் பறந்து அண்டாவில் விழும், புகை அப்படியே நிற்கும். ஆகவே இதே குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, கட்டைக்குச் சற்று மேலே, செங்கல் சுவரில் இரண்டு மூன்று சிறு துளைகள் வழியாகக் காற்று விடுங்கள். தீ நீலமாகாது, ஆனால் புகை குறைவது கண்ணுக்கே தெரியும்.

கட்டை ஈரமாக இருந்தால் இதெல்லாம் வீண். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் பிளந்து காற்றாட அடுக்கிக் காய வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் சூடு போதவில்லையா? சரி, 3 அங்குலம் வாங்குங்கள். குழாயும் 3 அங்குலமாக வேண்டும். பழைய 2 அங்குலக் குழாயிலேயே மாட்டினால் கொடுத்த பணத்துக்குப் பலன் இருக்காது. 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பார்த்து வாங்குங்கள். காற்றைக் குறைக்க, உறிஞ்சும் வாயில் ஒரு தகடு நகர்த்தினால் போதும். புகைபோக்கி தாங்குமா என்பதையும் பாருங்கள். அது இழுப்பதைவிட நீங்கள் அதிகமாக ஊதினால் புகை இடுக்கு வழியாகக் கொட்டகைக்குள் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். கொட்டகையின் இரு பக்கமும் திறந்தே இருக்கட்டும்.

சமையல் முடிந்ததும் கங்கு கிடக்கும்போதே புளோவரை அணைக்காதீர்கள். சூடு குழாய் வழியே திரும்பி மோட்டாருக்குப் போகும். என்னுடைய முதல் புளோவர் அப்படித்தான் ஒரே இரவில் கருகியது. கங்கை வாரி வெளியே போட்ட பிறகு சுவிட்சைத் தொடுங்கள்.