மகள் பிக்குணியாக விரும்புகிறாள்: முழுத் துறவு கிடைக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. பௌத்தத் துறவியாக வேண்டும் என்கிறாள். பெண்களுக்கு அங்கே முழுத் துறவே கிடையாது, மடத்து வேலைக்குத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: சில நாடுகளில் உண்மை, சில நாடுகளில் இல்லை. அதனால் எந்த மடத்துக்குப் போனாலும் முதலில் கேளுங்கள்: "இங்கே பெண்களுக்கு உபசம்பதை தருகிறீர்களா?" உபசம்பதைதான் முழுத் துறவு.

தாய்லாந்தின் மேச்சிகளும் மியான்மரின் திலஷின்களும் இலங்கையின் தசசில் மாதாக்களும் தலை மழித்து, சீலம் காத்து வாழ்பவர்கள். ஆனாலும் விநயம் எனப்படும் துறவியர் விதிகளின்படி அவர்கள் பிக்குணிகள், அதாவது முழுத் துறவு பெற்ற பெண்கள், அல்ல. பெண்களுக்குத் துறவு தரக் கூடாது என்று தாய்லாந்தின் தலைமைத் துறவியான சங்கராஜா 1928இல் போட்ட ஆணை இன்னும் இருக்கிறது.

புத்தரின் சிற்றன்னை மகாபஜாபதி கோதமி கேட்டு, ஆனந்தர் பரிந்து பேசி உருவானது பிக்குணி சங்கம். பெண்ணும் முழு விடுதலையான அரகத் நிலையை அடையலாம் என்று புத்தரே சொன்னதாக விநய நூல் பதிந்திருக்கிறது. நூறு வருடத் துறவு கண்ட பிக்குணியும் அன்று துறவேற்ற பிக்குவை (ஆண் துறவியை) வணங்க வேண்டும் என்ற விதியும் அதே நூலில்தான் வருகிறது. அது பிற்சேர்க்கை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இலங்கையில் அசோகரின் மகள் சங்கமித்தை தொடங்கிவைத்த பரம்பரை, சோழர் படையெடுப்புக்குப் பின் 11ஆம் நூற்றாண்டில் அற்றுப்போனது. பெண்ணுக்கு உபசம்பதை கொடுக்கப் பிக்குகளோடு பிக்குணிகளும் வேண்டும் என்பதால், இனி மீட்கவே முடியாது என்பது மூத்த பிக்குகள் பலரின் வாதம். ஆனால் 5ஆம் நூற்றாண்டிலேயே இலங்கைப் பிக்குணிகள் சீனாவுக்குக் கப்பலேறி, அங்கிருந்த பெண்களுக்கு உபசம்பதை கொடுத்திருந்தார்கள். சீன மரபு அறுபடாமல் கொரியா, தைவான் வரை பரவியது. அந்தக் கொரியத் துறவிகளின் துணையோடுதான் 1996இல் சாரநாத்தில் இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றார்கள். 1998 முதல் இலங்கையின் தம்புள்ளையிலேயே அது நடக்கிறது. இதைவிட நியாயமான மீட்சி வேறென்ன இருக்க முடியும்?

சரி, எங்கே போகலாம்? தைவானில் துறவிகளில் பெண்களே அதிகம், படிப்பும் நிர்வாகமும் அவர்கள் கையில். சீன மொழி கற்க வேண்டியிருக்கும். இலங்கை, தாய்லாந்து, மியான்மரில் உள்ள தேரவாத மரபுதான் வேண்டுமென்றால் இலங்கை. அங்கே பெரிய நிகாயங்கள் (துறவியர் பிரிவுகள்) பிக்குணிகளை இன்னும் ஏற்கவில்லை. பிக்குணி என்று குறிப்பிடும் அடையாள அட்டைக்காக ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025இல்தான் வென்றார். திபெத்திய மரபில் பெண்களுக்கு 2016 முதல் கெஷேமா என்ற உயர்பட்டம் உண்டு. பூடானில் 2022இல் 144 பெண்கள் முழுத் துறவு பெற்றார்கள்.

உபசம்பதைக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும், அதற்கு முன் இரண்டு வருடப் பயிற்சி உண்டு. பெற்றோர் சம்மதமும் விநயத்தில் கட்டாயம், ஆகவே உங்களைக் கேட்பார்கள். மகளோடு நீங்களும் போய்ச் சில நாள் தங்குங்கள். பெண்களுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள், சமையல்கட்டில் எவ்வளவு நேரம் போகிறது, உடம்புக்கு முடியாமல் போனால் செலவை யார் ஏற்பார்கள் என்று அங்குள்ள பிக்குணிகளிடமே கேளுங்கள்.