சாடில் பீக்கில் பறவை பார்க்க: கேட்டதும் சொன்னதும்

பொங்கல் முடிந்து அந்தமான் கிளம்பும் நம்ம வடசென்னை ஆட்கள் நிறையப் பேர் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர், அங்குள்ள சாடில் பீக் தேசியப் பூங்கா பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹேவ்லாக்கில் எந்த ரிசார்ட் நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் ஏரியா இல்லை.

அண்ணா, நான் காசிமேடு. ஹார்பர்லேர்ந்து கப்பல்ல போயிடலாமா, இல்ல ஃப்ளைட்தானா?

லீவு குறைவு என்றால் விமானம், இரண்டு மணி நேரச் சொச்சம்தான். கப்பல் சுமார் மூன்று நாள், புறப்படும் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள். மேல்தளத்தில் நின்றால் கோலா மீன் எழும்பிப் பறப்பதைப் பார்க்கலாம், காசிமேட்டுக்காரருக்கு அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கினாலும் வேலை முடியாது, திக்லிப்பூருக்குச் சாலையில் ஏறக்குறைய 300 கி.மீ., ஒரு முழுப் பகல் போய்விடும். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை வண்டிகள் வரிசையாக, காவலோடு கடக்கும். அங்கே வண்டியை நிறுத்துவதோ படம் எடுப்பதோ குற்றம், போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

சார், ஒரே நாளில் உச்சிக்கும் ஏறி பறவையும் பார்த்துவிட முடியுமா? (பெரம்பூர்)

முடியாது தம்பி. ரெண்டில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாடில் பீக் 732 மீட்டர், அந்தமான் தீவுகளிலேயே உயரமான இடம். காட்டிலாகாவின் சோதனைச் சாவடியில் பதிவு செய்து, லாமியா பே பக்கமிருந்து முதலில் கடலோரமாகக் கூழாங்கல்லில் தடுமாறி, அப்புறம்தான் ஏற்றம் தொடங்கும். போக வர ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். கடிகாரம் நம்முடையதேதான், ஆனால் சூரியன் அங்கே நம்மைவிட ஐம்பது நிமிடம் போல முந்திக்கொள்ளும், ஜனவரியில் மாலை ஐந்தரைக்கே மங்கிவிடும். ஆகவே உச்சிக்குப் போகிறவன் மணியைப் பார்த்துக்கொண்டே நடப்பான், பறவையா அவன் கண்ணில் படும்?

பறவைதான் வேண்டுமென்றால் விடியுமுன் போய், கீழ்க்காட்டில் பாதையோரம் ஓரிடத்தில் உட்காருங்கள். பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பழகிய நமக்கு இது கஷ்டம், இங்கே முதலில் காதுதான் வேலை செய்ய வேண்டும். தட்டுச் சத்தம் கனமாகக் கேட்டால் அது பெரும்பாலும் அந்தமான் மரங்கொத்தி: கிட்டத்தட்ட காக்கை அளவு, உடம்பு முழுக்கக் கறுப்பு. ஆணுக்கு நெற்றியிலிருந்தே சிவப்பு, பெண்ணுக்கு நெற்றி கறுத்து, பின்கொண்டை மட்டும் சிவந்திருக்கும். பட்டைச் செதில்கள் கீழே உதிர்வதைப் பார்த்தே மேலே எந்தக் கிளை என்று கண்டுபிடிக்கலாம். கரிச்சான் கத்தினால் எழுந்து போய்விடாதீர்கள், பின்னாலேயே வேறு பறவைகளும் வரக்கூடும். அந்தமான் வால்காக்கை, அந்தமான் கொண்டைக்குருவி எல்லாம் எனக்கு அப்படிக் கிடைத்தவைதான்.

பிள்ளைகளோடு போகிறோம். புலி, சிறுத்தை பயம் உண்டா? (திருவொற்றியூரிலிருந்து)

இல்லவே இல்லை அக்கா, அந்தத் தீவுகளின் காட்டில் பெரிய வேட்டை விலங்கே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட புள்ளிமான், தின்ன ஆளில்லாமல் பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்து பல இடங்களில் காட்டின் அடித்தளத்தையே மொட்டையாக்கிவிட்டது. பயப்பட வேண்டியது உப்புநீர் முதலைக்கு. ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திக் காட்டு ஓரம், இங்கெல்லாம் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கவே விடாதீர்கள், எச்சரிக்கைப் பலகை இல்லாவிட்டாலும். பாம்பும் உண்டு, கைவைக்கும் இடம் பார்த்து வையுங்கள். மற்றபடி கடற்கரையில் மணல் ஈ, ஈரக் காட்டில் அட்டை. மணல் ஈ கடி நாள்கணக்கில் அரிக்கும், முழுக்கால் சட்டை போட்டுவிடுங்கள்.

பைனாகுலர் 10x50 வாங்கலாமா ப்ரோ?

8x42 போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மி.மீ.யில்). இருண்ட காட்டில் அசையாமல் பிடிக்கவும், கிளைக்குள் சட்டென்று தேடவும் அதுதான் வசதி. வாங்கியதும் மாதவரம் ஏரியில் நாலு ஞாயிற்றுக்கிழமை பழகுங்கள்.

யூடியூபில் ஆந்தைக் குரல் போட்டால் வருமாமே? (தண்டையார்பேட்டை)

வரலாம். தன் இடத்துக்கு வேறொரு ஆந்தை புகுந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு வரும், கூட்டில் குஞ்சு இருந்தால் அதன் பாடு திண்டாட்டம். தயவுசெய்து வேண்டாம். ஆந்தைதான் ஆசை என்றால் போர்ட் பிளேருக்குத் தெற்கே சிடியா டாப்பு போய், உள்ளூர் வழிகாட்டியோடு இருட்டும் நேரத்தில் பேசாமல் நில்லுங்கள். நம்ம ஆட்களுக்குப் பேசாமல் நிற்பதுதான் பெரிய பாடு, அது வேறு விஷயம்.

நார்கொண்டம் தீவின் இருவாச்சிப் பறவையைப் பார்க்க முடியுமா?

உலகத்திலேயே சுமார் ஏழு சதுர கி.மீ. உள்ள அந்த ஒரு தீவில் மட்டும் வாழ்கிறது. சரணாலயம், நினைத்தவுடன் இறங்க முடியாது. இந்தப் பயணத்தில் அதை மறந்துவிடுங்கள். அதற்குப் பதில் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால் திக்லிப்பூர் பக்கம் காளிப்பூர் கடற்கரையில் இரவில் ஆமை முட்டையிட வரும், காட்டிலாகா ஆட்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள்.

பவளத் துண்டு ரெண்டு எடுத்து வரலாமா?

கூடாது. ஏர்போர்ட்டில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம்.