பட்டறை பதில்கள்: பெயர் தெரியாத வெட்ஜை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் பினாங்கு புக்கிட் ஜம்புலில் வாரம் ஒருமுறை கோல்ஃப் ஆடுகிறேன். ஹாண்டிகேப் 18, நடுத்தர ஆட்டம். பையில் பெயர்போன வோக்கி வெட்ஜ் (குறுந்தூர அடிகளுக்கான மட்டை) இரண்டு, 52, 56 டிகிரி. வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கூட ஆடும் நண்பர் எடிசன் என்ற அமெரிக்க வெட்ஜைப் பற்றி ஓயாமல் பேசுகிறார். இங்கே எந்தக் கடையிலும் அதை நான் பார்த்ததில்லை. ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். கிளப்பில் சொன்னால், "மட்டை வாங்குகிறாயா, பல்பு வாங்குகிறாயா?" என்று சிரிக்கிறார்கள். தொட்டுக்கூடப் பார்க்காத மட்டைக்குப் பணம் கொடுக்கலாமா?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: சிரிக்கிறவர்கள் எல்லா ஊர்க் கிளப்பிலும் உண்டு. செந்தூலில் என் பட்டறைக்கு வரும் ஒருவர், மட்டையின் பின்புறம் பொறித்திருக்கும் பெயரைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துக் காட்டுவார். முன்புறம் திருப்பினால் கோடுகளுக்குள் போன மாதத்து மண் காய்ந்து கிடக்கும். பந்து படுவது முன்புறத்தில்தான் என்று இன்னும் அவருக்கு நான் சொல்லவில்லை. நல்ல வாடிக்கையாளர்.

பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் ஜீன் சாரசென் கதையைச் சொல்லுங்கள். பங்கர் என்ற மணல் குழியிலிருந்து பந்தை எடுக்க முடியாமல் தவித்த அந்த மனிதர், தன் மட்டையின் பின்புறத்தில் ஈயப் பற்றை உருக்கி வைத்து, அடிப்பாகத்தைத் தானே தடிமனாக்கிக்கொண்டார். தடை போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அதைப் பையில் தலைகீழாகச் செருகி வைத்திருந்தார் என்பார்கள். 1932இல் அதை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். இன்று உலகம் முழுக்க ஆடுகிற சாண்ட் வெட்ஜுக்கு அந்த வீட்டு வேலைதான் முன்னோடி. அதில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தது?

எடிசன் நேற்று முளைத்த காளான் இல்லை. அதைத் தொடங்கிய டெர்ரி கோலர் இதற்கு முன் எய்டலான், ஸ்கோர் என்ற பெயர்களில் வெட்ஜ் செய்து விற்றவர். பல ஆண்டுகளாக வெட்ஜைப் பற்றியே எழுதியும் வருகிறார். அவருடைய வாதம் எளிமையானது. வழக்கமான வெட்ஜில் எடையெல்லாம் அடியில் தங்கிவிடுகிறது, மேல்பாகம் மெல்லிய தகடாக இருக்கிறது. பந்து மட்டை முகத்தின் மேல்பகுதியில் பட்டால் அதைத் தள்ள அங்கே எடை இல்லை. பந்து உயர எழும்பிப் பாதி வழியிலேயே தொப்பென்று விழுகிறது. அதனால் அவர் மேல்பாகத்தைத் தடிமனாக்கினார். அடியிலும் ஒரே கோணம் வைக்காமல், முன்விளிம்பை ஒட்டி ஒன்றும் அதற்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு கோணங்கள் வைத்தார். இந்த யோசனை அவருக்கு மட்டும்தான் வந்தது என்று நண்பர் சொன்னால் நம்ப வேண்டாம். 2016இல் வந்த எஸ்எம்6 மாடல் முதல் உங்கள் வோக்கியிலும் லோஃப்ட் (மட்டை முகம் சாய்ந்திருக்கும் கோணம்) கூடக் கூட எடை மையம் மேலே போகிறது.

சரி, அமெரிக்காக்காரர் சொன்னது நம் புல்லுக்குப் பொருந்துமா? இங்கேதான் எனக்கு ஆர்வம் பிறக்கிறது. நம் ஊர் மைதானங்கள் பலவற்றில் ரஃப், அதாவது ஓரத்து நீளப் புல், என்றால் கவ் கிராஸ்தான். அகலமான இலை, தடித்த தண்டு. பந்து அதன்மேல் முட்டை போல் உட்கார்ந்துவிடும், தரையைத் தொடாது. நீங்கள் வழக்கம்போல் கீழே வீசினால் மட்டை பந்துக்கு அடியில் நழுவிப் போகும், பந்து முகத்தின் உச்சியில் படும். 40 மீட்டர் போக வேண்டியது 25இல் நின்றுவிடும். "சரியாகத்தானே அடித்தேன்" என்று மட்டையை முறைத்துப் பார்ப்பீர்கள். கோலர் சொல்லும் நோய் நம் ஊரில் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

உங்களுக்கு அந்த நோய் இருக்கிறதா என்று பத்து காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். வீட்டில் இருக்கும் முகப்பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 56இன் முகத்தை ஈரமில்லாமல் துடைத்து, பவுடரை மெல்லத் தூவி, ரஃபிலிருந்து ஒரு பந்து அடியுங்கள். பந்து பட்ட இடம் வெள்ளையில் வட்டமாகத் தெரியும். பார்த்துவிட்டுத் துடைத்துத் திரும்பத் தூவுங்கள், பத்து பந்து. மனைவி பவுடரைத் தேடுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்தில் ஆறு ஏழு தடம் மேல் கோடுகளில் விழுந்தால் எடிசன் மாதிரி மேலே எடை வைத்த வெட்ஜ் உங்களுக்கு உதவும். தடங்கள் மட்டை முகத்தின் குதிகாலிலும் (தண்டுப் பக்கம்) நுனியிலும் சிதறிக் கிடந்தால் எந்த நாட்டு வெட்ஜும் உதவாது. அந்தப் பணத்துக்கு நான்கு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பவுன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. முன்விளிம்பைவிட அடிப்பாகம் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதுதான் பவுன்ஸ். அது குறைந்தால் மட்டை மண்வெட்டி போல் மண்ணுக்குள் இறங்கும், கூடினால் தோசைத் திருப்பி போல் வழுக்கிக்கொண்டு போகும். மாலை மூன்று மணி மழைக்குப் பிறகு ஊறிக் கிடக்கும் ஃபேர்வே புல்வெளிப் பாதையில் 10, 12 டிகிரி பவுன்ஸ் உங்களைக் காப்பாற்றும். அதே மழையில் இறுகிப்போன பங்கர் மணலில் அதே பவுன்ஸ் துள்ளி எழும்பும், பந்து குழி இருக்கும் கிரீனைத் தாண்டிப் பறக்கும். ஒரே நாளில் இரண்டும் நடக்கிற ஊர் நம்முடையது. அதனால்தான் இரட்டைக் கோணம் என்றதும் நான் காது கொடுத்துக் கேட்டேன்.

இப்போது என் சொந்தக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் 52, 56, 60 மூன்றையும் ஒரே பெட்டியாக வரவழைத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். பளபளப்பைப் பார்த்து மயங்கி, அளக்காமலே ஒரு மாதம் ஆடினேன். 52ஐ எடுத்தாலும் 56ஐ எடுத்தாலும் பந்து ஒரே இடத்தில் போய் விழுந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மழை நாளில், வேலை இல்லாமல், லோஃப்ட் அளக்கும் இயந்திரத்தில் 52ஐப் பூட்டினேன். முள் 53.5இல் நின்றது. கழற்றி மறுபடி பூட்டினேன், அதே 53.5. அடுத்து 56. முள் 55. நான்கு டிகிரி இருக்க வேண்டிய இரண்டு மட்டைகளுக்கு நடுவே ஒன்றரை டிகிரி! ஊருக்கெல்லாம் அளந்து கொடுக்கிறவன் தன் மட்டையை அளக்கவில்லை.

நல்லவேளை, அவை மிருதுவான கார்பன் ஸ்டீலில் அடித்து உருவாக்கியவை. வளைத்துச் சரி செய்தேன். லோஃப்ட்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும், கூட்டினால் கூடும். ஆகையால் வளைத்த பிறகு அது நீங்கள் பார்த்து வாங்கிய மட்டை இல்லை, அதன் தம்பி. பெரிய கம்பெனி மட்டையிலும் அரை டிகிரி, ஒரு டிகிரி பிசகு பார்த்திருக்கிறேன். யாருடையதானாலும் பெட்டியைப் பிரித்ததும் அளந்துவிடுங்கள்.

உங்கள் பையில் இன்னொரு ஓட்டை இருக்கலாம். இப்போது வரும் அயர்ன் (இரும்பு மட்டை) செட்டுகளில் பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி, சிலவற்றில் 43கூட. அங்கிருந்து உங்கள் 52க்கு எட்டு டிகிரி பள்ளம். 90, 100 மீட்டரில் எதை எடுப்பது என்று தெரியாமல் திணறினால் உங்களுக்குத் தேவை புதிய 56 இல்லை, 48. அதைச் சேர்த்தால் ஒன்றை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். 14 மட்டைக்கு மேல் கூடாது. மட்டையின் தண்டான ஷாஃப்ட்டையும் பாருங்கள். உங்கள் அயர்னில் என்.எஸ். ப்ரோ 950 போல நூறு கிராமுக்குக் குறைந்த ஷாஃப்ட் இருந்து, வெட்ஜில் 130 கிராம் டைனமிக் கோல்ட் வந்தால் கை குழம்பும். சிறிய கம்பெனிகளில் நல்ல விஷயம், ஷாஃப்ட்டைக் கேட்டு வாங்கலாம். கேளுங்கள்.

பணக் கணக்கு: ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள் வந்தால் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேல் போனால் சுங்கத்துறையின் வேறு கணக்கு. கப்பல் கூலி தனி. பிடிக்காமல் திருப்பி அனுப்பினால் அந்தக் கூலி யார் தலையில் என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்கப் போனால் வோக்கிக்கு ஆள் கிடைக்கும், எடிசனுக்குச் சுலபத்தில் கிடைக்காது. எனவே மூன்றாக வாங்க வேண்டாம். பவுடர் சோதனை சாதகமாக வந்தால் 56க்கு நெருங்கிய ஒன்றை மட்டும் வரவழையுங்கள். பழையதையும் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஒரே இடத்திலிருந்து இரண்டையும் அடித்துப் பாருங்கள். நானாக இருந்தால் வாங்குவேன்.

கேள்வி: பிரபலக் கம்பெனியின் புத்தம் புதிய வெட்ஜ் இணையச் சந்தையில் கால் விலைக்குக் கிடைக்கிறது. அதே விலையில் கேள்விப்படாத பெயரில் ஒன்றும் இருக்கிறது. எதை வாங்கலாம்?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: கேள்விப்படாததை. கால் விலைக்குப் புத்தம் புதியது என்றால் அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றை ஒருவர் லோஃப்ட் வளைக்கக் கொண்டுவந்தார். கம்பியை மாட்டி லேசாக அழுத்தியதும் கழுத்து 'டக்' என்று முறிந்தது. முறிந்த இடம் வறுத்த ரவை போல் பொலபொலவென்று இருந்தது. மனிதர் முகம் அதைவிட மோசம். சொந்தப் பெயரில் விற்கிறவனுக்கு அந்தப் பெயரையாவது காப்பாற்றும் கவலை இருக்கும். ஊரான் பெயரில் விற்கிறவனுக்கு எதுவும் இல்லை.

கிளப் போட்டிகளில் ஆடுகிறவரானால் ஒன்றைக் கவனியுங்கள். முகத்துக் கோடுகளின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் 2010 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் இணையதளத்தில் மட்டைப் பட்டியல் உண்டு, பெயரைப் போட்டுத் தேடலாம். 'அதிபயங்கர ஸ்பின்' (பந்தின் சுழற்சி) என்று விளம்பரம் செய்கிற வெட்ஜானால் கண்டிப்பாகத் தேடுங்கள்.

கேள்வி: பூச்சு இல்லாத வெட்ஜ் வாங்கினேன். கார் பூட்டில் இரண்டு வாரம் கிடந்ததில் துருப்பிடித்துவிட்டது. சின்னக் கம்பெனி என்னை ஏமாற்றிவிட்டதா?
— வாசகர், கெப்போங்

பதில்: இல்லை. பூச்சு இல்லாத இரும்பு நம் ஊர்ப் புழுக்கத்தில் துருப்பிடிக்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். துருவால் ஸ்பின் கூடும் என்பார்கள், அதையும் நம்ப வேண்டாம். ஆடி முடித்ததும் துடைத்துக் காயவைத்து, தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு தடவு தடவி வையுங்கள். ஈரத் துண்டுக்குள் சுற்றிப் பூட்டில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி: என் கணவர் ஞாயிறுதோறும் ஆடுகிறார். தீபாவளிக்கு அவருக்கு மூன்று வெட்ஜ் வாங்கித் தர நினைக்கிறேன். பெயர்போன கம்பெனியில் வாங்கினால் பட்ஜெட் தாங்காது, வேறு பெயரில் வாங்கினால் முகம் சுளிப்பாரோ என்று பயம்.
— வாசகி, பங்சார்

பதில்: அம்மா, இரண்டும் வேண்டாம். வெட்ஜ் என்பது செருப்பு மாதிரி, ஆளில்லாமல் அளவு எடுக்க முடியாது. அவர் வேலைக்குப் போன நாளில் பையிலிருந்து சாண்ட் வெட்ஜை உருவி, கைப்பிடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். வியர்வை ஊறி இறுகி, கண்ணாடி போல் வழுக்குகிறதா? ஞாயிறுதோறும் ஆடுகிறவருடையது அநேகமாக வழுக்கும். அவர் வைத்திருக்கும் வெட்ஜுகள் அத்தனையையும் என்னிடம் கொண்டு வாருங்கள், புது க்ரிப் போட்டுத் தருகிறேன். மூன்று மட்டைக்கு முக்கால் மணி நேரம், பசை உலர மாலை வரை. அவர் வீடு திரும்புவதற்குள் பையில் வைத்துவிடலாம். ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரம் வராதீர்கள். பட்டறை பூட்டியிருக்கும், வீட்டில் முறுக்கு பிழிய என்னைவிட்டால் ஆள் இல்லை.